கறவை மாட்டுக்கு விலங்குப் புரதமா, பைபாஸ் பிண்ணாக்கா?

மீன் தூள் மூட்டையில் 60 சதவீதப் புரதம் என்று அச்சிட்டிருக்கும். ரத்தத் தூள் என்றால் 85. பக்கத்தில் 40 சதவீதக் கடலைப் பிண்ணாக்கு இருந்தால் அது சோப்ளாங்கியாகத்தான் தெரியும். கறவை மாட்டுக்கு என்ன வாங்குவது என்பதை இந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்வதில்தான் காசு போகிறது.

மாடு தின்னும் புரதத்தில் பெரும்பகுதி குடலுக்குப் போவதே இல்லை. பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்கி, தீவனத்தின் எரிசக்தியைக் கொண்டு தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே குடலில் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. உடையாமல் தப்பி நேரே குடலுக்கு இறங்கும் பங்குதான் பைபாஸ் புரதம். ரத்தத் தூள், மீன் தூள், இறகுத் தூள் எல்லாம் வெப்பத்தில் வெந்து உலர்ந்தவை. அவற்றின் புரதம் பெருவயிற்றில் மெதுவாகத்தான் உடையும். அவற்றுக்குப் பேர் வந்ததும் அதனால்தான். ஆக, ஒப்பிட வேண்டியது மூன்று: ஒரு கிலோவில் பைபாஸ் புரதம் எவ்வளவு, அதில் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு, அதை மாட்டுக்குக் கொடுக்கச் சட்டமும் பால் வாங்குபவரும் ஒப்புவார்களா.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், பாதிப் பட்டியல் அங்கேயே கழிந்துவிடும். பிரிட்டனில் 1986-இல் மாட்டுப் பித்து நோய் (மேட் கவ்) கண்டறியப்பட்டது. செத்த மாடு, ஆடுகளின் இறைச்சி எலும்புத் தூளைத் திரும்ப மாட்டுக்கே போட்டதுதான் அது பரவிய வழி. 1988 ஜூலையில் அங்கே தடை வந்தது. அதற்குள் பரவியதன் விளைவாக மொத்தம் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளில் நோய் உறுதியானது. மனிதருக்கும் அது வருகிறது என்று 1996-இல் தெரிந்தபின் உலகமே கதவைச் சாத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2001 ஜனவரியில் எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும் விலங்குப் புரதத்தை நிறுத்தியது. பின்னாளில் மீன், பன்றி, கோழிக்குச் சில தளர்வுகள் தந்தாலும் கறவை மாட்டுக்கு இன்றுவரை தரவில்லை.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 1997-ஆம் ஆண்டு விதி பாலூட்டிகளின் புரதத்தை மாட்டுக்குத் தடை செய்தது. ஆனால் ரத்தம், ஜெலட்டின், பால் பொருள்கள், பன்றியிலிருந்து மட்டுமே எடுத்த புரதம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மீனும் கோழி இறகும் அந்தத் தடைக்குள் வரவே இல்லை. விஸ்கான்சினிலும் கலிஃபோர்னியாவிலும் நாளுக்கு 40 லிட்டர் கறக்கும் மாடுகளுக்கு 100 முதல் 250 கிராம் ரத்தத் தூள் போடுவது சர்வசாதாரணம். இணையத்தில் கிடைக்கும் தீவனக் கணக்குகள் பெரும்பாலும் அந்த ஊர்க் கணக்குகள். அதை அப்படியே எடுத்து நம்மூர்த் தொட்டியில் கொட்ட முடியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, கோழி, பன்றி, மீன் நீங்கலாகப் பால், இறைச்சி தரும் விலங்குகளுக்கு இறைச்சித் தூள், எலும்புத் தூள், உள்ளுறுப்புகள், ரத்தத் தூள், மாடு அல்லது பன்றித் திசு கலந்த தீவனம் கூடாது. பால் பொருள்களுக்கு மட்டும் விலக்கு. இப்படித் தீவனம் தின்ற மாட்டின் பால் பொருள் இறக்குமதியாகவும் கூடாதென்று இந்தியா சான்றிதழ் கேட்பதால்தான் அமெரிக்காவோடு ஆண்டுக்கணக்கில் இழுபறி நடக்கிறது.

ரத்தத் தூளும் இறைச்சி எலும்புத் தூளும் இதோடு போயின. கோழிக் கழிவுத் தூளையும் இறகுத் தூளையும் விதியின் சொற்களை நோண்டிப் பார்த்து உள்ளே கொண்டுவர நினைக்க வேண்டாம். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் வேறு காரணங்கள் உள்ளன. சரியாக வேகாத கழிவில் சால்மோனெல்லா இருக்கும். செத்த கோழி கலந்த கழிவிலிருந்து பொட்டுலிசம் நஞ்சு வந்து மாடுகள் கால் துவண்டு விழுந்து சாவது பல நாடுகளில் பதிவானது. இறகுத் தூளில் புரதம் 85 சதவீதம் என்றாலும் அது கெரட்டின். நீராவி அழுத்தத்தில் வேகவைத்துப் பிணைப்பை உடைக்காவிட்டால் உள்ளே போன மாதிரியே சாணத்தில் வெளியே வரும். ஒழுங்காக வெந்ததிலும் லைசின் சொற்பம்.

மீன் மட்டும் மிஞ்சுகிறது. விதியின் வாசகத்தில் மீன் தூள் இல்லை. ஆனால் பால் வாங்கும் சங்கமோ தனியார் பால் நிறுவனமோ தன் கொள்முதல் ஒப்பந்தத்தில் விலங்குப் பொருள் எதுவும் கூடாது என்று எழுதியிருக்கலாம். வீட்டுக்கு வீடு பால் ஊற்றுபவர்கள், தங்கள் வாடிக்கையாளர் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மூட்டை வாங்கிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது.

இனி எண்கள். கீழே உள்ளவை நடைமுறைக்கான தோராய அளவுகள். சரக்குக்குச் சரக்கு மாறும். தடையுள்ள பொருள்களை ஒப்பிடுவதற்காக மட்டும் சேர்த்திருக்கிறோம்.

| பொருள் | புரதம் (%) | அதில் பைபாஸ் பங்கு (%) | ஒரு கிலோவில் பைபாஸ் புரதம் (கிராம்) | புரதத்தில் லைசின் (%) |
|---|---|---|---|---|
| ரத்தத் தூள் | 85 | 75–80 | 660 | 8–9 |
| இறகுத் தூள் | 85 | 65–70 | 570 | 2.5 |
| மக்காச்சோளக் குளூட்டன் | 60 | 60–65 | 375 | 1.7 |
| மீன் தூள் | 60 | 60 | 360 | 7.5 |
| பைபாஸ் சோயா (பெருவயிற்றில் எளிதில் உடையாதபடி பதப்படுத்திய பிண்ணாக்கு) | 45 | 70 | 315 | 6 |
| இறைச்சி எலும்புத் தூள் | 50 | 50–55 | 260 | 5 |
| சாதாரண சோயாப் பிண்ணாக்கு | 45 | 35 | 155 | 6 |
| மக்காச்சோள டிடிஜிஎஸ் (எத்தனால் ஆலையில் மிஞ்சும் உலர் சக்கை) | 28 | 50 | 140 | 2.5 |
| கடலைப் பிண்ணாக்கு | 40 | 30 | 120 | 3.5 |
| தேங்காய்ப் பிண்ணாக்கு | 21 | 55 | 115 | 2.7 |
| பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, தோலுடன் | 22 | 42 | 90 | 4 |

லைசின் ஏன் தனிப் பத்தியாக நிற்கிறது என்றால், பால் புரதம் கட்டுவதில் முதலில் தட்டுப்படும் அமினோ அமிலங்கள் லைசினும் மெத்தியோனினும்தான். குடலில் உறிஞ்சப்படும் புரதத்தில் இவை ஏறத்தாழ 3-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பது நல்லது. நுண்ணுயிர்ப் புரதத்தின் கட்டமைப்பு இதற்கு நெருக்கமானது. மக்காச்சோளக் குளூட்டனும் டிடிஜிஎஸ்ஸும் அப்படி இல்லை. பைபாஸ் நிறைய இருக்கும், லைசின் இருக்காது. மக்காச்சோளமே அடிப்படையான தீவனத்தில் இவற்றையும் ஏற்றினால் புரதம் கூடியும் பால் கூடாது என்ற புதிர் அங்கேதான் பிறக்கிறது. ரத்தத் தூளிலும் ஒரு ஓட்டை உண்டு: லைசின் மிகுதி, ஐசோலூசின் மிகக் குறைவு. அமெரிக்கப் பண்ணைகளில் அதைத் தனியாகப் போடாமல் மற்றதோடு கலப்பது இதனால்தான்.

சரி, நம் மாட்டுக்கு இந்தப் பைபாஸ் தேவைதானா? 450 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு நாளுக்கு 10 லிட்டர் கறக்கிறது என்று வையுங்கள். உடல் பராமரிப்புக்கும் பாலுக்குமாகச் செரித்த புரதம் ஏறக்குறைய 900 கிராம் வேண்டும். அது 12 கிலோ உலர்பொருள் தின்றால் அதில் செரிக்கும் மொத்தச் சத்து 7.2 கிலோ இருக்கும். கிலோவுக்கு 130 கிராம் நுண்ணுயிர்ப் புரதம் என்ற கணக்கில் 936 கிராம் உருவாகி, அதில் 600 கிராம் பயன்படும். மிச்சம் 300 கிராமுக்குச் சுமார் 390 கிராம் பைபாஸ் புரதம் போதும். 13 சதவீதப் புரதமுள்ள சாதாரணத் தீவனமே 450 கிராமுக்குக் குறையாமல் தந்துவிடும். இந்த மாட்டுக்குப் பைபாஸ் என்று கூடுதல் விலை கொடுப்பது வீண்.

அதே மாடு கன்று ஈன்று மூன்றாவது வாரம், 20 லிட்டர் கறக்கிறது, வயிறு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, 13 கிலோதான் தின்கிறது என்றால் கணக்கு தலைகீழ். தேவை 1,400 கிராம். நுண்ணுயிர்கள் தருவது 700. செரித்த புரதமாக மீதி 700 கிராம் கிடைக்க 880 கிராம் பைபாஸ் புரதம் வேண்டும். கோ-5 புல்லும் கடலைப் பிண்ணாக்கும் கொண்ட 16 சதவீதப் புரதத் தீவனத்தில் 620 கிராம்தான் கிடைக்கும். இந்த 260 கிராம் இடைவெளிதான் பைபாஸ் புரதத்தின் இடம். அதை அடைக்காவிட்டால் மாடு உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சில வாரங்களில் பால் சரிந்து, சினைக்கு வருவதும் தள்ளிப்போகும். ஈன்ற முதல் 100 நாள், 15 லிட்டருக்கு மேல் கறவை. தேவை அந்த வட்டத்துக்குள்தான்.

இந்த இடைவெளியை மீன் தூளால் அடைப்பதா, பைபாஸ் சோயாவால் அடைப்பதா? 20 லிட்டர் மாட்டுக்கு நாளுக்கு 7 கிலோ அடர்தீவனம் என்று கொள்வோம். 100 கிலோ கலவை இது: மக்காச்சோள மாவு 38, கோதுமைத் தவிடு 15, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 9, கடலைப் பிண்ணாக்கு 12, பைபாஸ் சோயா 15, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு 8, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. புரதம் சுமார் 20 சதவீதம். இதில் மாட்டுக்குப் போகும் பைபாஸ் சோயா நாளுக்கு 1,050 கிராம். அது தரும் பைபாஸ் புரதம் 330 கிராம், லைசின் 20 கிராம், மெத்தியோனின் 4.6 கிராம்.

அந்த 15 கிலோவை எடுத்துவிட்டு 5 கிலோ மீன் தூளும் 10 கிலோ சாதாரண சோயாவும் போட்டால் மாடு நாளுக்கு 350 கிராம் மீன் தூளும் 700 கிராம் சோயாவும் தின்னும். பைபாஸ் புரதம் 236 கிராம், லைசின் 16 கிராம், மெத்தியோனின் 5 கிராம். எல்லாரும் மீன் தூள்தான் ஜெயிக்கும் என்று நினைக்கும் இடத்தில் சோயா முந்துகிறது. மீன் தூளுக்கு உண்மையில் இருக்கும் மேன்மை மெத்தியோனின், அதுவும் அரை கிராமுக்கும் குறைவு. அந்தக் குறையைப் பெருவயிற்றில் கரையாத பூச்சு போட்ட மெத்தியோனின் நாளுக்குப் 10 கிராம் சேர்த்தே ஈடுகட்டலாம், நாற்றமில்லாமல். லைசின் சரியாக இல்லாத தீவனத்தில் மெத்தியோனினை மட்டும் போட்டுப் பலன் எதிர்பார்க்க வேண்டாம். மீன் தூளைக் கூட்டினால்? 450 கிராமைத் தாண்டினால் மாடு தொட்டியை முகர்ந்துவிட்டு நிற்கும். மீன் எண்ணெய் ஏறினால் பாலில் கொழுப்பு இறங்கும். 10 சதவீதம் எண்ணெயுள்ள தூள் 350 கிராமில் 35 கிராம்தான் எண்ணெய், அதனால் கெடுதல் இல்லை. எண்ணெய் முழுதும் எடுக்காத மலிவுத் தூள் அப்படி அல்ல.

விலையை ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்க்காதீர்கள். பைபாஸ் புரதத்தின் ஒரு கிலோ விலையைப் பாருங்கள். பைபாஸ் சோயா கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் 60-ஐ 0.315-ஆல் வகுக்க 190 ரூபாய். மீன் தூள் 100 ரூபாய் என்றால் 0.36-ஆல் வகுக்க 278. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். மீன் தூள் கிலோ 69 ரூபாய்க்குக் கீழே வந்தால்தான் இந்தக் கணக்கில் சமமாகும்.

அந்த விலைக்கு வரும் மீன் தூள் எப்படி இருக்கும் என்பதுதான் அடுத்த தொல்லை. இலக்கணப்படியான மீன் தூள் வேறு, கருவாட்டுக் கழிவை இடித்த தூள் வேறு. பின்னதில் புரதம் 40-க்குக் கீழே இருக்கும், உப்பும் மணலும் மீதியை நிரப்பும். ஒரு கைப்பிடி தூளைக் கண்ணாடித் தம்ளர் நீரில் போட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். அடியில் நறநறவென்று பளபளக்கும் அடுக்கு கனமாக நின்றால் அது மணல். நாக்கில் வைத்தால் கரிக்கும் அளவுக்கு உப்பு இருந்தால் கலவையில் உள்ள உப்பையும் குறைத்தாக வேண்டும். மாடு வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்துச் சாணம் இளகுவது இதன் அடையாளம். யூரியா கலந்து புரத எண்ணை ஏற்றுவதும், தோல் கழிவுத் தூள் கலப்பதும் நடக்கிற வேலை. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம், அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று காட்டினால் 287 சதவீதம் வரும். 100 கிலோவில் 3 கிலோ யூரியா போட்டாலே அறிக்கையில் 8 சதவீதப் புள்ளி ஏறிவிடும். ஆகவே ஆய்வுக்கு அனுப்பும்போது கச்சாப் புரதம் மட்டும் கேட்காமல் உண்மைப் புரதம், யூரியா, அமிலத்தில் கரையாத சாம்பல் (மணலைக் காட்டுவது), உப்பு, எண்ணெய் ஆகியவற்றையும் கேளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் இவற்றைச் செய்கிறார்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்த அரைக் கிலோ மாதிரிதான் மாதிரி.

இத்தனைக்குப் பிறகும் மீன் தூள் போடுவதென்றால், முதல் நாள் 50 கிராமில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் 300 வரை ஏற்றுங்கள். வெல்லப்பாகு கொஞ்சம் தெளித்தால் தின்னும். கறந்து முடித்தபின் போடுங்கள், மூட்டையைக் கறவைக் கொட்டகையிலிருந்து தள்ளி வையுங்கள், பால் வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க் காறல் அடித்த தூளை எறிந்துவிடுங்கள்.

பைபாஸ் சோயாவிலும் கோளாறு உண்டு. பிண்ணாக்கைப் பைபாஸ் ஆக்குவது பெரும்பாலும் இரண்டு வழியில்: வறுத்தல், ஃபார்மால்டிஹைடு சிகிச்சை. அளவுக்கு மீறி வறுபட்டால் சர்க்கரையும் லைசினும் பிணைந்து, பெருவயிற்றில் மட்டுமல்ல குடலிலும் செரிக்காமல் போகும். நல்ல சரக்கு இளம் பொன்னிறம், வறுத்த மணம். காப்பித் தூள் நிறத்தில், தீய்ந்த வாடையோடு வந்தால் அதில் பைபாஸ் 85 சதவீதம் என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் மாட்டைப் பைபாஸ் செய்து சாணக்குழிக்குப் போகிறது. ஃபார்மால்டிஹைடு முறையைத் தேசியப் பால்வள வாரியம் இந்தியாவில் பரப்பியது. 100 கிராம் புரதத்துக்கு ஒரு கிராம் அளவில் தெளித்துக் காற்றுப் புகாமல் ஒன்பது, பத்து நாள் மூடி வைப்பார்கள். அளவு குறைந்தால் பாதுகாப்பு இல்லை, கூடினால் செரிமானம் இல்லை. ஃபார்மலின் வாங்கி வீட்டிலேயே கலக்கலாம் என்று சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், சீராகத் தெளிக்க மூடிய இயந்திரம் வேண்டும். மண்வெட்டியால் புரட்டினால் ஒரு கூடை தீய்ந்தும் ஒரு கூடை பச்சையாகவும்தான் இருக்கும்.

இன்னொரு தப்பு அடிக்கடி நடக்கிறது. பைபாஸ் நல்லதென்று எல்லாப் பிண்ணாக்கையும் மாற்றிவிடுவது. பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கும் அம்மோனியா வேண்டும். வைக்கோலே பிரதானமான வீட்டில் பைபாஸ் சோயாவை மட்டும் போட்டால் வைக்கோல் செரிக்காது, மாடு தின்பது குறையும், பால் ஏறுவதற்குப் பதில் இறங்கும். மேலே சொன்ன கலவையில் 12 கிலோ கடலைப் பிண்ணாக்கை விட்டுவைத்திருப்பது அதற்காகத்தான். அந்தக் கடலைப் பிண்ணாக்கை ஐப்பசி, கார்த்திகை மழையில் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை, அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, அது பாலிலும் வரும். கலப்புத்தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1-க்கு இந்தியத் தர நிர்ணயத்தின் உச்சவரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அது பாலில் எம்1 என்ற வடிவில் வரும்போது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 0.5.

மற்றவை சுருக்கமாக. தேங்காய்ப் பிண்ணாக்கு பைபாஸில் சோடை இல்லை, பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைத்தால் கலவையில் 10 சதவீதம் வரை போடலாம், லைசினுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு கொழுப்புக்கு நல்லது, கன்றுக்குட்டிக்கு ஆகாது. டிடிஜிஎஸ் மலிவு, ஆனால் கறுத்த சரக்கை ஒதுக்குங்கள். வேலிமசால் ஐந்து கிலோ அறுத்துப் போட வாய்ப்பிருந்தால் அது எந்த மூட்டையையும்விட லாபம்.

பாலில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைகிறது என்பதற்காகவே பைபாஸ் தேடுபவர்கள் அதிகம். 8.5-க்கு வராமல் 8.1-இல் நிற்கும் பாலுக்குப் பெரும்பாலும் காரணம் புரதக் குறை அல்ல, எரிசக்திக் குறை. மக்காச்சோள மாவை ஒரு கிலோ கூட்டிப் பத்து நாள் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பைபாஸுக்கு வாருங்கள். பாலில் யூரியா நைட்ரஜன் பரிசோதிக்க வசதி இருந்தால் முடிவு இன்னும் எளிது. டெசிலிட்டருக்கு 10 முதல் 14 மில்லிகிராம் சரியான அளவு. 16-க்கு மேல் போனால் ஏற்கெனவே புரதம் வீணாகிறது, மேலும் போடுவது சினைப்பிடிப்பைக் கெடுக்கும். 8-க்குக் கீழே இருந்தால் முதலில் சாதாரணப் பிண்ணாக்கைக் கூட்டுங்கள்.

அரவை ஆலையில் கலவை அடிப்பவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: முந்தைய லாட் என்ன? கோழித் தீவனம் ஓடிய மிக்சரில் இறைச்சி எலும்புத் தூள் ஒட்டியிருக்கலாம். அது மாட்டுத் தீவனத்தில் கலந்தால் சட்டப்படி உங்கள் மூட்டைதான் குற்றம். 50 கிலோ தவிட்டை வெறுமனே ஓட்டி எடுத்துக் கோழிக்கே அனுப்பிவிட்டு உங்கள் கலவையைத் தொடங்கச் சொல்லுங்கள். தாது உப்பு வாங்கும்போது அதிலுள்ள டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்ததா, எலும்பிலிருந்தா என்பதையும் கேளுங்கள். பழைய பழக்கத்தில் எலும்புத் தூள் போடும் உள்ளூர்க் கலவைகள் இன்னும் உண்டு.

மாற்றிய கலவையை எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் போடாமல், ஈன்று 100 நாளுக்குள் உள்ள மாடுகளில் பாதிக்குப் போட்டு 14 நாள் பால், கொழுப்பு, எஸ்.என்.எஃப். மூன்றையும் எழுதி ஒப்பிடுங்கள். கறவை 15 லிட்டருக்குக் கீழே இறங்கியதும் 15 கிலோ பைபாஸ் சோயாவை நிறுத்தி, அந்த இடத்தில் 10 கிலோ பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் 5 கிலோ தவிடும் போட்டாலே போதும்.